மலை பெரிது, ரயில் சிறிது

ரயிலைப் படமெடுக்கப் போகிற பெரும்பாலோர் ரயிலை மட்டுமே எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். எஞ்சினின் முகம் ஃபிரேம் முழுக்க நிறைந்திருக்கும். பின்னால் மலை இருந்ததா, மைதானம் இருந்ததா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஊருக்குள் இருக்கும் ஸ்டேஷனில் எடுத்திருந்தாலும் அதே படம்தான் கிடைத்திருக்கும். வண்டியை அருகிலிருந்து எடுக்கும் முறைகளை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். இந்த அத்தியாயம் அதற்கு நேரெதிரான வேலையைப் பற்றியது. மலை, பள்ளத்தாக்கு, காடு, கடல் இவற்றுக்கு நடுவே ரயிலைச் சிறிதாக வைத்து, அந்தச் சிறிய உருவமே படத்துக்கு உயிர் தரும்படி செய்வது எப்படி என்று பார்ப்போம்.

இதற்கு அடிப்படை விதி ஒன்றுதான். ரயில் வருவதற்கு முன்பே படத்தை முடித்துவிடுங்கள். இடம், கோணம், வெளிச்சம், ஷட்டர், ஃபோகஸ் எல்லாம் வண்டியின் கூவல் கேட்பதற்குள் முடிவாகியிருக்க வேண்டும். வண்டி வந்தபின் நீங்கள் செய்ய வேண்டியது பொத்தானை அழுத்தும் கணத்தைத் தேர்வது மட்டுமே.

கனடியன் பசிபிக் ரயில்வேயின் புகைப்படக்காரராக நெடுங்காலம் பணியாற்றிய நிக்கோலஸ் மோரன்ட் இந்த விதிக்கு நல்ல சான்று. பான்ஃப் தேசியப் பூங்காவில் போ ஆற்றின் ஓரமாக ரயில்பாதை வளைந்து செல்லும் ஓரிடத்தை அவர் திரும்பத் திரும்பப் படமெடுத்தார். ஆறு, பைன் மரங்கள், பின்னால் பனிமூடிய ராக்கி மலைகள், நடுவே வளைவு. இன்று அந்த வளைவே அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. எஞ்சின்கள் மாறின, வண்டிகளின் நிறம் மாறியது. உலகெங்கிலுமிருந்து புகைப்படக்காரர்கள் இன்றும் அதே இடத்தில் வந்து நிற்கிறார்கள். இடம் சரியாக அமைந்துவிட்டால் எந்த வண்டி வந்தாலும் படம் அமையும்.

பழகுவதற்கு ஒரு பாதை

இந்தக் கலையைக் கற்றுக்கொள்ள நம் கைக்கெட்டும் தூரத்திலேயே உலகத்தரமான பாதை ஒன்று இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை செல்லும் நீலகிரி மலை ரயில். 1899-இல் குன்னூர் வரை திறக்கப்பட்டு, 1908-இல் ஊட்டி வரை நீட்டிக்கப்பட்டது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 46 கிலோமீட்டர் நீளத்தில் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் கிளம்பும் வண்டி 2,200 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. பாக்குத்தோப்பில் தொடங்கி, அடர்ந்த காட்டைக் கடந்து, தேயிலைத் தோட்டத்துக்குள் புகுந்து, யூகலிப்டஸ் மரங்களுக்கிடையே முடிகிறது பயணம். இத்தனை விதமான நிலக்காட்சி ஒரே பாதையில் கிடைப்பது அரிது.

புகைப்படக்காரருக்கு இந்தப் பாதை தரும் இன்னொரு வரம் அதன் வேகம். மேலே ஏறும் வண்டி 46 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவில் பற்சட்டம் உண்டு. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். இந்தப் பகுதியில் ஏற்றம் சுமார் 12 மீட்டருக்கு 1 மீட்டர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நீராவி எஞ்சின் பெட்டிகளை முன்னால் இருந்து இழுப்பதில்லை. ஏறும்போது பின்னாலிருந்து தள்ளுகிறது. இறங்கும்போது முன்னால் நின்று தாங்குகிறது. அதாவது எப்போதும் பள்ளத்துப் பக்கமே எஞ்சின் இருக்கும். ஏறும் வண்டியை எதிர்பார்த்து மேலே நின்றால் முதலில் தெரிவது பெட்டியின் முன்மேடையில் கொடியுடன் நிற்கும் பிரேக்மேன்தான். காட்டுக்கு நடுவே அவர் நிற்கும் அந்த முன்மேடை மிக நல்ல படப்பொருள். எஞ்சினும் நீராவியும் வேண்டுமென்றால் வண்டி கடந்தபின் பின்புறத்தை எடுக்க வேண்டும். ஒவ்வொரு மலைப்பாதைக்கும் இப்படி ஒரு தனிப் பழக்கம் இருக்கும். கேமராவை எடுப்பதற்கு முன் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் நாள் பயணியாகப் போங்கள்

புதிய பாதைக்குப் போனால் முதல் நாள் படமெடுக்கும் ஆசையை ஒதுக்கிவிட்டு வண்டியில் ஏறி உட்காருங்கள். ஜன்னல் வழியே பார்த்தபடி குறிப்பெடுங்கள். எந்த இடத்தில் சாலை தெரிகிறது? எந்த வளைவில் வண்டியின் முன்பகுதியும் பின்பகுதியும் ஒன்றாகத் தெரிகின்றன? எந்தப் பாலத்துக்கு எதிரே திறந்த சரிவு இருக்கிறது? பாதையோரம் நடப்பட்டிருக்கும் கிலோமீட்டர் கற்களை எழுதிக்கொண்டால் பிறகு வரைபடத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது.

வண்டியிலிருந்து சாலை தெரிந்தால் சாலையிலிருந்து வண்டியும் தெரியும். இந்த எளிய தர்க்கமே பாதி இடங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். மறுநாள் அதே சாலையில் மெதுவாகச் சென்று, குறித்த இடங்களில் இறங்கி, கேமராவில் ரயில் இல்லாத படத்தை எடுத்துப் பாருங்கள். வெறும் நிலக்காட்சியாக அந்தப் படம் நிற்கவில்லை என்றால் ரயில் வந்தும் அதைக் காப்பாற்றாது.

வெளிச்சக் கணக்கு

பாதை எந்தத் திசையில் போகிறது, வண்டி எந்த மணிக்கு வருகிறது, அப்போது சூரியன் எங்கே இருக்கிறது. இந்த மூன்றும் தெரிந்தால் வெளிச்சத்தை வீட்டிலிருந்தே கணக்குப் போடலாம்.

நீலகிரிப் பாதை வளைந்து நெளிந்தாலும் மொத்தத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஏறுகிறது. காலை 7 மணியை ஒட்டி மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் வண்டி காட்டுப்பகுதியில் ஏறும்போது சூரியன் கிழக்கே, வண்டிக்குப் பின்னால் இருக்கும். எஞ்சினும் கிழக்கு முனையில் இருப்பதால் காலை ஒளி நேராக எஞ்சின் மீதும் அது கக்கும் நீராவி மீதும் விழும். மதியம் 2 மணியளவில் ஊட்டியிலிருந்து கிளம்பி மாலையில் காட்டுக்குள் இறங்கும் வண்டிக்கு நிலைமை தலைகீழ். சூரியன் மேற்கே போயிருக்கும், எஞ்சின் நிழலில் வரும். அப்போது எதிரொளியில் நீராவியின் விளிம்பு ஒளிர்வதை எடுக்கலாம். வண்டியின் விவரங்கள் வேண்டுமென்றால் அந்த நேரம் உதவாது. 208 வளைவுகளில் திசை அடிக்கடி மாறும் என்பதால் ஒவ்வோர் இடத்திலும் திசைகாட்டியை வைத்துச் சரிபாருங்கள்.

மலைப்பகுதியில் இன்னொரு கணக்கும் உண்டு. பஞ்சாங்கத்தில் அஸ்தமனம் ஆறு மணிக்கு மேல் என்றிருக்கும். எதிர்மலை சூரியனை நாலரை மணிக்கே மறைத்துவிடலாம். பள்ளத்தாக்கில் நிழல் எந்த மணிக்கு எங்கே ஏறுகிறது என்பதை முந்தின நாள் நேரில் பார்த்துக்கொள்வதே நம்பகமானது.

மாதமும் முக்கியம். நீலகிரி இருக்கும் அட்சரேகையில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தை ஒட்டியும், ஆகஸ்ட் மூன்றாம் நான்காம் வாரங்களை ஒட்டியும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். அந்நாட்களில் பதினோரு மணிக்கு மேல் மலைச்சரிவு தட்டையாகத் தெரியும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நண்பகலில்கூட மேடு பள்ளங்களுக்கு நிழல் விழுந்து, மலைக்கு உருவம் கிடைக்கும். கேத்தி, லவ்டேல் பகுதியை வண்டி நண்பகலை ஒட்டியே கடக்கிறது. ஆகையால் அந்த இடங்களுக்குக் குளிர்காலமே ஏற்றது.

தூரமும் லென்ஸும்

பெரிய நிலக்காட்சி என்றதும் அகலக் கோண லென்ஸை மாட்டுவது பலருக்கும் பழக்கம். அதனால்தான் நேரில் மிரட்டிய மலை படத்தில் மணல்மேடு போலச் சுருங்கிவிடுகிறது. மலை பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் ரயிலிலிருந்து விலகிப் போங்கள். எதிர்ச்சரிவுக்குப் போய் 100 முதல் 200 மி.மீ. வரையிலான லென்ஸில் பாருங்கள். ரயிலுக்கும் பின்னால் உள்ள மலைக்கும் இடையிலான தூரம் குறைந்ததுபோல் தோன்றி, மலை வண்டியின்மேல் எழுந்து நிற்கும்.

அகலக் கோணம் பயன்படும் இடங்களும் உண்டு. மேகம் திரண்ட வானமே படத்தின் நாயகனாக இருக்கும்போதும், காலடியில் தேயிலைச் செடியோ பாறையோ முன்புலமாக அமையும்போதும் 24 மி.மீ. கைகொடுக்கும்.

கைப்பேசியில் எடுப்பவர்களுக்கும் இதே விதிதான். அதில் உள்ள இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தனி லென்ஸைப் பயன்படுத்துங்கள். அதற்குமேல் விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் விவரம் உதிர்ந்துவிடும்.

படத்தின் அகலத்தில் வண்டி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் நிலமும் ரயிலும் சமநிலையில் நிற்கும் என்பது என் அனுபவம். பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால் பார்ப்பவர் தேட வேண்டியிருக்கும். அப்போது வண்டிக்குப் பின்னால் தெளிவான, ஒரே நிறமுள்ள பின்புலம் அவசியம். மலை ரயிலின் நீலமும் வெளிர்மஞ்சளும் கலந்த பெட்டிகள் பச்சைப் பின்னணியில் தூரத்திலிருந்தும் பளிச்சென்று தெரியும். அவை வானத்தின் நீலத்தோடு சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி போகும் திசையில் இடம் விட்டு வையுங்கள். மலை ரயிலில் சில பெட்டிகளே இருப்பதால் முழு வண்டியும் ஃபிரேமில் அடங்கிவிடும். இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகள் கொண்ட அகலப்பாதை எக்ஸ்பிரஸ் என்றால் அப்படி அல்ல. எஞ்சின் எந்த இடத்துக்கு வரும்போது அழுத்துவது என்று ஒரு மரத்தையோ கம்பத்தையோ முன்கூட்டியே அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷட்டர், அப்பர்ச்சர், ஃபோகஸ்

ஷட்டர் வேகத்துக்கு ஊகம் வேண்டாம். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை 3.6-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 8.3 மீட்டர் நகர்கிறது. 1/500 நொடியில் அது நகரும் தூரம் 1.7 சென்டிமீட்டர். தூரத்திலிருந்து எடுக்கும் படத்தில் இந்த நகர்வு தெரியாது. அதே தெளிவை 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் எக்ஸ்பிரஸுக்குப் பெற 1/1600 வேண்டும். மலை ரயில் மெதுவாக ஏறும் பகுதிகளில் 1/250 போதும். அதனால் ஐஎஸ்ஓவைக் குறைத்துக் காட்டின் விவரத்தைக் காப்பாற்றலாம்.

அப்பர்ச்சர் எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை வைத்தால் பெரும்பாலான லென்ஸ்கள் நன்றாக வேலை செய்யும். ஃபோகஸை வண்டி வரப்போகும் இடத்தில் தண்டவாளத்தின்மீது முன்பே வைத்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். கிளைகளுக்கு இடையிலிருந்து எடுக்கும்போது தானியங்கி ஃபோகஸ் முன்னால் உள்ள இலையைப் பிடித்துக்கொள்ளும்.

எக்ஸ்போஷரில் கடினமானது நீராவி. கரிய எஞ்சின், இருண்ட காடு, நடுவே தூய வெண்மை. காட்டைப் பார்த்துக் கேமரா அளவெடுத்தால் நீராவி வெளுத்து விவரமில்லாமல் போகும். நீராவியின் வெண்மை தப்பும் அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து, ரா கோப்பாக எடுத்து, பிறகு நிழல்பகுதியை உயர்த்துங்கள். வெளுத்துப் போனதை மீட்க முடியாது. காற்று குளிர்ந்திருக்கும் காலையில் நீராவி அடர்த்தியாகவும் நெடுநேரமும் தெரியும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

சாய்வு

12-க்கு 1 என்ற ஏற்றம் ஏறக்குறைய 5 பாகை சாய்வு. கண்ணுக்குப் பெட்டிகள் சரிந்திருப்பதாகத் தோன்றும். கை தானாகவே கேமராவைச் சாய்த்துப் பெட்டிகளைச் சமமாக்கும். விளைவு, மரங்களும் ஸ்டேஷன் சுவர்களும் சாய்ந்து நிற்கும், மலை ரயிலின் பெருமையான ஏற்றமே படத்தில் காணாமல் போகும். மலைப்பாதையில் பெட்டியை வைத்து மட்டம் பார்க்காதீர்கள். நேராக வளர்ந்த மரம், கட்டடச் சுவர், கேமராவின் மட்டக்கோடு இவற்றை நம்புங்கள்.

மழையும் மூடுபனியும்

தெளிந்த நீலவானம் அஞ்சலட்டைக்கு நல்லது. நிலத்தின் குணம் வெளிப்படுவது மேகம் இறங்கும்போதுதான். மூடுபனி பின்னால் உள்ள மலைகளை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும். வேண்டாத கம்பங்களையும் கட்டடங்களையும் மறைக்கும். வெண்பனியைக் கண்டு கேமரா படத்தை இருட்டாக்கும் என்பதால் எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள். வண்டியின் முகப்புவிளக்கு எரிந்தால் அந்த ஒற்றைப் புள்ளியே படத்தைத் தாங்கும். மழையில் உண்மையான உழைப்பு லென்ஸைத் துடைப்பதுதான். பருத்தித் துணிகள் நிறைய வைத்துக்கொள்ளுங்கள்.

கேத்தி ஸ்டேஷன் தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம். பாலு மகேந்திரா இயக்கி, தானே ஒளிப்பதிவும் செய்த மூன்றாம் பிறை படத்தின் இறுதிக்காட்சி அங்கே எடுக்கப்பட்டது. மழையும் மங்கிய ஒளியும் ஒரு சிறிய மலை ஸ்டேஷனை எப்படி மாற்றுகின்றன என்று அறிய அந்தக் காட்சியை ஒலியில்லாமல் ஒருமுறை பாருங்கள்.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண்சரிவு ஏற்பட்டு வண்டி ரத்தாவது வழக்கம். அந்த மாதங்களில் போனால் ரயில்வே அறிவிப்பைக் காலையில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே மட்டும் ஓடும் டீசல் வண்டிகள் தனியே உண்டு. கீழ்ப்பாதை மூடப்பட்டாலும் மேல்பகுதியில் படமெடுக்க வாய்ப்பிருக்கும்.

எங்கே நிற்கலாம், எங்கே கூடாது

பொதுச்சாலை, ஸ்டேஷன் நடைமேடை, அனுமதி பெற்ற தோட்டம். இந்த மூன்று இடங்களிலிருந்தே இந்த அத்தியாயம் சொல்லும் அத்தனை படங்களையும் எடுக்க முடியும். மேட்டுப்பாளையம்-குன்னூர் மலைச்சாலையின் திருப்பங்களிலிருந்து பாதை பல இடங்களில் கண்ணில் படும். உங்கள் வாகனத்தை நிறுத்த வசதி உள்ள இடத்தில் மட்டும் நில்லுங்கள். ஹில்குரோ ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும். ரயிலில் பயணிப்பவர்களுக்கு அங்கே இறங்கிப் படமெடுக்க நேரம் கிடைக்கும். கேத்திக்கு அருகே கேரட்டும் முட்டைக்கோஸும் விளையும் படிக்கட்டு வயல்கள் பள்ளத்தாக்கு முழுக்க விரிந்திருக்கும். தேயிலைத் தோட்டத்துக்குள் போவதென்றால் எஸ்டேட் அலுவலகத்தில் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள், நல்ல கோணத்தையும் அவர்களே சொல்வார்கள்.

வெலிங்டன் ராணுவப் பகுதி. அரவங்காட்டில் கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. அங்கெல்லாம் கேமராவைப் பைக்குள் வையுங்கள். கல்லாறு, ஹில்குரோ பகுதிகளில் யானைகள் பாதையைக் கடக்கும். குன்னூர்த் தோட்டங்களில் காட்டுமாடுகள் மேயும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழையக் கூடாது. ட்ரோனையும் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது.

தண்டவாளத்தில் நடப்பதும் நிற்பதும் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. பெட்டியின் கூரையிலும் படியிலும் பயணிப்பதற்கு 156-ஆம் பிரிவு தண்டனை விதிக்கிறது. உயிரே படத்தில் மலை ரயிலின் கூரைமேல் ஆடிய பாட்டு ஏற்பாட்டுடன் எடுத்த படப்பிடிப்பு, யாரும் பின்பற்றுவதற்கான வழி அல்ல. சட்டத்தைவிடப் பெரிய காரணம் வேறு. தண்டவாளத்தில் ஒருவர் நின்றால் ஓட்டுநர் அவசரமாக பிரேக் போட வேண்டியிருக்கும். உள்ளே உட்கார்ந்திருக்கும் பயணிகளை ஆபத்துக்கு உள்ளாக்கி எடுக்கும் எந்தப் படமும் நல்ல படம் அல்ல.

பாதையோரம் நின்று துண்டையோ சட்டையையோ வேகமாக ஆட்டாதீர்கள். ரயில் ஊழியர்கள் அதை அபாய அறிகுறியாக எடுத்துக்கொண்டு வண்டியை நிறுத்துவார்கள். சிவப்பு உடை, சிவப்புக் குடை இரண்டையும் தவிர்ப்பது நல்லது. ஓட்டுநரை நோக்கி ஃப்ளாஷ் அடிக்கவே கூடாது.

இதே பாடம், வேறு இடங்கள்

பாம்பனில் 2025 ஏப்ரலில் புதிய ரயில்பாலம் திறக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி 72.5 மீட்டர் நீளமுள்ள, செங்குத்தாக மேலெழும் தூக்குப்பாலம். அங்கே மலைக்குப் பதில் அடிவானம். கடல்கோடு இம்மியும் சாயக் கூடாது, வண்டியின் கூரை அந்தக் கோட்டோடு ஒட்டக் கூடாது. செங்கோட்டை-புனலூர் பாதையில் கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலத்துக்கு எதிரே நெடுஞ்சாலையே ஓடுகிறது. கற்கமானங்கள் ஒன்றின்மேல் ஒன்று மறையாத கோணத்தைத் தேடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலையும் காற்றாலைகளும் வண்டியும் ஒரே ஃபிரேமில் வரும். காற்று பலமாக வீசும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ட்ரைபாடில் கனம் கட்டித் தொங்கவிடுங்கள். இலங்கையில் எல்லவுக்கும் தெமோதரவுக்கும் இடையிலான ஒன்பது வளைவுப் பாலத்தைச் சுற்றியுள்ள சரிவுகளில் ஏறினால் பாலமும் தேயிலைச் சரிவும் சேர்ந்து கிடைக்கும். கூட்டம் பாலத்தின்மேல் நிற்கும். நீங்கள் விலகி மேலே ஏறுங்கள்.

புறப்படும் முன் சரிபார்க்க

- வண்டி இன்று ஓடுகிறதா, எத்தனை நிமிடத் தாமதம் என்பதை ரயில்வேயின் அதிகாரப்பூர்வச் செயலியில் பாருங்கள். காட்டுப்பகுதியில் சிக்னல் கிடைக்காது என்பதால் ஊருக்குள் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.
- நீலகிரிக்கு வெளியூர் வாகனத்தில் போவதென்றால் 2024 மே முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ் விதியைக் கவனியுங்கள். கோடை சீசனில் மலைச்சாலைகளில் ஒருவழிப் போக்குவரத்து அமலில் இருக்கக்கூடும்.
- வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இடத்தில் இருங்கள். ரயில் இல்லாத படத்தை எடுத்து எக்ஸ்போஷரைச் சரிபாருங்கள்.
- மழையுறை, துணிகள், மாற்று பேட்டரி. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.
- மழைக்காலமென்றால் அட்டைக்கு உப்பு அல்லது உயரமான காலுறை.
- கொண்டுபோன குப்பை முழுவதும் உங்களோடு திரும்ப வேண்டும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு.

ஓர் இடத்தைத் தேர்ந்து, அதே இடத்துக்கு வெவ்வேறு மாதங்களில் திரும்பப் போங்கள். பத்து இடங்களில் ஒவ்வொரு படம் எடுப்பதைவிட ஓர் இடத்தைப் பத்து வெளிச்சங்களில் அறிவது உங்களை வேகமாக வளர்க்கும். உங்கள் ஊருக்கு அருகில் ஓடும் ஏதாவதொரு பாதையில் இந்த வாரமே தொடங்குங்கள்.